சான்று பெற்ற கீறல்கள்

சனிக்கிழமை காலை, கையைத் திறந்துவிடும் வரிசையில் பொற்கொடி நின்றிருந்தாள். ஊரப்பாக்கம் தொல்லூர்தி அரங்கத்தின் வாசலில் அந்த வரிசை எப்போதும் சின்னதுதான். தன்னார்வலர்கள் மட்டுமே அதில் நிற்பார்கள், அவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். முறை வந்ததும் மணிக்கட்டை நீட்டினாள். வாசல் எந்திரம் அதை லேசாகத் தொட்டது. விரல்களில் வழக்கமான கூச்சம் ஓடியது. இனி மதியம் வரை அந்தக் கை எதை வேண்டுமானாலும் தட்டலாம், சுரண்டலாம், உடைக்கலாம்.

மற்ற நேரத்தில் முடியாது. ஐந்து வயதானதும் எல்லாக் குழந்தைகளுக்கும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் கையடக்கி ஒன்றை வைத்துவிடுவார்கள். அரிசி அளவுதான் இருக்கும். பொதுச் சொத்தின் மேல் கை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டாலும் போதும், விரல்கள் மரத்துப்போகும். மூன்று தலைமுறையாக நாட்டில் ஒரு சுவரிலும் கிறுக்கல் இல்லை. மனிதர்கள் திருந்திவிட்டார்கள் என்று பாடப் புத்தகங்கள் எழுதின. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, அடிக்கவில்லை பார் என்று மெச்சிக்கொள்கிற கதைதான்.

பொற்கொடிக்கு முட்டி வலித்தது. ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அவள் மண்டியிட்டுச் சுரண்டிவந்தது ஒரு பழைய மின்சார ரயில் பெட்டியை. ஒரு காலத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த பெட்டி. கடற்கரை நிலையம் இப்போது கடலுக்குள் இருக்கிறது.

மோட்டார் ஞானப்பிரகாசத்தின் பொறுப்பு. அவளைவிடப் பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன். உட்புறம் அவள் பொறுப்பு. பெட்டி வந்து சேர்ந்தபோது சுவர் முழுக்கப் பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள், தொலைபேசி எண்கள், யாரோ யாரையோ திட்டிய திட்டுகள், எல்லாம் ஆணியால் ஆழமாகக் கீறியவை. கீறலே பார்த்திராத அவளுக்கு அன்று உடம்பெல்லாம் கூசியது. புண்ணைக் கழுவுவதுபோல ஒவ்வொன்றாகச் சுரண்டி, பூசி, மெருகேற்றினாள். போன மாதம்தான் கடைசிக் கீறல் மறைந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் தூங்கினாள்.

இன்று சான்று நாள். நிலவுக் குடியிருப்புகளுக்கு உலோகம் போதவில்லை. அதனால் பூமியில் பழசாக நிற்கும் ஒவ்வொரு பொருளும், தான் மெய்யாகவே பழசு என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காதது உலைக்குப் போகும். நிரூபித்துவிட்டால் நாளைக்கே பயணிகளோடு கூடுவாஞ்சேரி வரை போய்வரலாம். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தடவை போய்வர வேண்டும் என்பதுதான் பொற்கொடியின் ஆசை. மண்டியிட்டு இல்லை, நின்றுகொண்டு இல்லை, சாய்ந்து உட்கார்ந்து.

சோதிக்க வந்த எந்திரத்துக்கு மெய்காண்பி என்று பெயர். அது மோட்டாரின் ஓசையைக் கேட்டது, சக்கரங்களைத் தடவியது, உள்ளே ஏறி ஒரு சுற்று வந்தது. அப்புறம் பொற்கொடி மெருகேற்றிய சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றது.

“இது நகல்,” என்றது.

ஞானப்பிரகாசம் பதறிப்போனான். திருகாணி முதற்கொண்டு அந்தக் காலத்துத் திருகாணி என்று மன்றாடினான். மெய்காண்பி பொறுமையாகவே விளக்கியது. இந்த வகைப் பெட்டியின் பழைய படங்கள் அதனிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. இவ்வளவு சுத்தமான சுவர் ஒரு படத்திலும் இல்லை. மதியத்துக்குள் சரிசெய்தால் மறுபடி பார்க்கலாம். சான்றுக்கு முன், பதிவுபெற்ற தன்னார்வலர் சேர்ப்பது மீட்டமைப்பு; பின்னால் யார் எதைச் சேர்த்தாலும் சேதம். விதி அப்படி. ‘சுவரில் எழுதக் கூடாது’ என்ற பலகையையும் மறக்காமல் மாட்டும்படி சொன்னது. படங்களில் அந்தப் பலகையைச் சுற்றித்தான் கீறல்கள் அதிகமாம்.

எந்திரம் இறங்கிப் போனது. பொற்கொடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, நீங்க பேசாம அந்தக் கீறலையெல்லாம் அப்படியே விட்டிருந்தா...” என்று ஆரம்பித்த ஞானப்பிரகாசம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“சொல்லுப்பா. ஒம்போது வருஷம் நான்தான் அழிச்சேன். நீ சொல்லலன்னா மட்டும் இல்லைன்னு ஆயிடுமா?”

அதற்கு மேல் பேச நேரமில்லை. பலகையை மாட்டினார்கள். ஆளுக்கொரு ஆணியை எடுத்துக்கொண்டார்கள். ஞானப்பிரகாசத்துக்குக் கை சீக்கிரமே பழகிவிட்டது. இதயம் வரைந்தான், அம்பு விட்டான், தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதினான். அது அவன் மனைவியின் பெயர் இல்லை. பொற்கொடி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

அவளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இல்லாத மனிதர்களின் பெயர்களை எழுதினாள், கற்பனையாக எண்களை எழுதினாள், யாரோ ஒரு பாஸ்கரைத் திட்டினாள். ஆணியை இறக்குமுன், தான் மெருகேற்றிய இடத்தை ஒவ்வொரு தடவையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஜன்னலோரம் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. யோசித்து எழுதும் தெம்பு போயிருந்தது. மனசில் இருந்ததை எழுதினாள்: ‘முட்டி ரொம்ப வலிக்குது. பொற்கொடி.’

மதியம் மெய்காண்பி வந்து ஒவ்வொரு கீறலையும் படமெடுத்துப் பதிந்துகொண்டது. பெட்டி மெய் என்று சான்று கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கித் தள்ளியது. பயணிகளின் கைகளையும் அன்று திறந்துவிட வேண்டியிருந்தது. மேலே தொங்கும் கைப்பிடியை உடம்பின் பாரம் போட்டு இழுத்தால் கையடக்கி அதையும் சேதம் என்று எடுத்துக்கொண்டு விரலை மரத்துப்போகச் செய்துவிடும், ஆள் விழுந்துவிடுவார். மக்கள்தான் திருந்திவிட்டார்களே என்று நிர்வாகமும் சம்மதித்தது. பொற்கொடி உள்ளே ஏறுவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட்டன. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது. கூடுவாஞ்சேரி வரை நின்றுகொண்டே போனாள், நின்றுகொண்டே திரும்பினாள்.

கூட்டம் இறங்கியதும் ஞானப்பிரகாசம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். சுவரில் முந்தின நாள் இருந்ததைப் போல மூன்று மடங்கு எழுத்து இருந்தது. கொண்டை ஊசி, பெல்ட்டுக் கொக்கி, தோட்டின் முனை, எது கிடைத்ததோ அதைக் கொண்டு எழுதியிருந்தார்கள். பெயர்கள், இதயங்கள், திட்டுகள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையைச் சுற்றி விரல் வைக்க இடமில்லை.

ஜன்னலோரம் அவள் எழுதியதற்குக் கீழே யாரோ நடுங்கிய கையெழுத்தில் ‘எனக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். பொற்கொடி அதை மறுபடி மறுபடி படித்தாள். ஒன்பது ஆண்டில் அவளுடைய முட்டியைப் பற்றி யாரும் பேசியதில்லை.

மெய்காண்பியின் உத்தரவு சாயங்காலமே வந்துவிட்டது. பதிவான கீறல்கள் பாரம்பரியம், அவற்றின் மேல் கை படக்கூடாது. இன்றைய கீறல்கள் சேதம், அகற்றாவிட்டால் சான்று ரத்து, பெட்டி உலைக்கு.

“நம்ம பொய்க்குச் சான்று இருக்கு அக்கா,” என்றான் ஞானப்பிரகாசம். “இவங்க நெசத்துக்கு இல்லை.”

அடுத்த சனிக்கிழமை பொற்கொடி மறுபடி வரிசையில் நின்று மணிக்கட்டை நீட்டினாள். சுரண்டியை எடுத்துக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய், முட்டியைப் பிடித்தபடி மெல்ல மண்டியிட்டாள். ‘எனக்கும்’ என்பதைக் கடைசியாகச் சுரண்டலாம் என்று ஞானப்பிரகாசத்திடம் சொல்லியிருந்தாள். ஞாயிறுதோறும் ரயில் ஓடும், சுவரில் புதுக் கீறல்கள் சேரும். அந்தக் கடைசி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.