சமன்பொறி கொடுத்த சலுகை

தூத்துக்குடிக் கடல் பந்தயத்தில் இப்போதெல்லாம் முதலில் கரை தொடுகிற தோணி ஜெயிப்பதில்லை. சமன்பொறி எதைச் சொல்கிறதோ அதுதான் ஜெயிக்கும். இரட்டைத்தோணியில் இரண்டே பேர். ஒருவர் சுக்கான் பிடிப்பார், மற்றவர் தொங்குகயிற்றில் கடல்மேல் சாய்ந்து தோணியைக் கவிழாமல் காப்பார். இருவர் உடம்பிலும் ஒட்டிய பட்டைகள் வழியே பொறி அவர்களின் வலுவையும் முடிவெடுக்கும் வேகத்தையும் அளக்கும். குறை எவ்வளவோ, அவ்வளவு நேரத்தைக் கழித்துக் கொடுக்கும். தோணியின் மொத்தச் சலுகையைத்தான் அறிவிப்பார்கள். அது யாருடைய குறை என்பதை, புகார் வந்தாலொழிய வெளியிடுவதில்லை.

கில்பர்ட் தன் மனைவியின் தம்பி பெனிட்டோவைத் துணைக்குச் சேர்த்தது இந்தக் கழிவுக்காகத்தான். பைக் விபத்தில் தோள் உடைந்த பையன். “மச்சினனைக் கைதூக்கி விடுறான்” என்று ஊர் மெச்சியது. கில்பர்ட் அந்தப் பெயரையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

ஆனால் தோள் தேறிவிட்டது. தேறினால் கழிவு போய்விடுமே என்று கில்பர்ட்டுக்குப் பயம்.

கடைசி ஓட்டத்துக்கு முன் சொன்னான். “இன்னைக்கு ரொம்ப வெளிய சாயாதலே.”

“ஏன் அத்தான்? இப்போ வலியே இல்ல.”

“சொன்னாக் கேளு. தோள் திரும்பப் போச்சுன்னா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

பெனிட்டோ தலையாட்டினான். சொன்னபடியே அரைகுறையாகத் தொங்கினான். தோணி மூன்றாவதாக வந்தது. கழிவு போக, கோப்பை அவர்களுக்கே.

தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். நடுவர் ஸ்டெல்லா எல்லார் முன்னிலையிலும் பொறியைத் திறந்தார்.

“தம்பி, உன் தசையில வலு முழுசா இருக்கு. சாய முடிஞ்சும் சாயல. விதிப்படி உனக்கு ரெண்டு வருசம் தடை. மாநில அணியில உன் பேர் இருந்துச்சு. அதுவும் போகும்.”

பெனிட்டோவுக்கு முகம் செத்துவிட்டது. கில்பர்ட் அவசரமாகக் குறுக்கிட்டான். “மேடம், பாவம், அவன் தோள் பழுதான பையன். அதுக்குத்தானே பொறியே கழிவு கொடுக்குது?”

“அவருக்குக் கழிவே கிடையாது. முதல் ஓட்டத்துலேர்ந்து பூச்சியம், தோள் அப்பவே தேறியாச்சு. காத்து திரும்பினா சுக்கானைத் திருப்பத் தயங்குறது நீங்கதான். கழிவு முழுக்க உங்களுக்கு.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கில்பர்ட்டின் முதுகை அன்று துறைமுகமே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“சாயாதேன்னு யாராவது சொன்னாங்களா தம்பி?”

“அத்தான்தான். என் தோளுக்காகப் பயந்து சொன்னாரு மேடம். அவரை ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

நடுவர் கில்பர்ட்டைப் பார்த்தார். “தோள் தேறினது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம், ஆனால் தடை பையன் தலையில் விழும்.

“தெரியும். கழிவு குறையக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

கோப்பை போயிற்று. தடை கில்பர்ட்டுக்கு மாறியது. மாநில அணியில் பெனிட்டோவின் பெயர் நிலைத்தது.

பெனிட்டோ கோப்பையைப் பற்றிப் பேசவில்லை. பட்டைகளைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

“அப்போ தோள் உடைஞ்சு கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து, ‘நீதான் எனக்குத் துணை’ன்னு சொன்னீங்களே அத்தான். அதுவும் கழிவுக்குத்தானா?”