மாப்பிள்ளை ஈன்ற குட்டிகள்

அவள் மூடிவிட்டுப் போன ரோமத்தை யாரோ திறந்து வைத்திருந்தார்கள்.

தையல் மேசைக்குப் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியில், வெட்டுத் துணிகளின் மேல் தன் வயிற்று ரோமத்தையே பிடுங்கிப் பரப்பி, முந்தின நாள் காலையில்தான் முயல் குட்டி போட்டிருந்தது. ஆண் முயல் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்பிள்ளைக்குப் பிரசவம்னு டிப்போவுல சொன்னா என்னை வண்டியே எடுக்க விடமாட்டாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் திறக்காமல், ரோமம் முளைக்காமல், சுண்டுவிரல் பருமனில் சூடாகப் பின்னிக் கிடந்த அந்தக் குட்டிகளின் மேல் அவளுக்கு ஏனோ பெரும் இரக்கம் வந்தது. உள்ளறைத் தொட்டிலில் அவளுடைய கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஆனால் இந்த முயலோ அறையின் எதிர்மூலையில், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குட்டி போட்டது யாரோ என்பது போல உட்கார்ந்திருந்தது.

கால்நடை மருத்துவருக்கு போன் செய்தாள்.

"முயல் அப்படித்தாம்மா," என்றார் அந்த மருத்துவரம்மா. "எப்பவாவது போய் அவசரமா பால் கொடுத்துட்டு வந்துடும். மத்த நேரம் அந்தப் பக்கமே திரும்பாது. வேட்டையாடுற எதுக்கும் வழி காட்டிடக் கூடாதுல்ல? நீங்களும் சும்மா சும்மா போய்ப் பாக்காதீங்க."

பெற்ற மனம் கேட்குமா? தையல் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி எட்டிப் பார்த்தாள். ஈர ரோமமும் பாலும் கலந்த வாடை அடித்தது. மறுபடி பார்த்தபோது ஒரு குட்டி குறைந்திருந்தது. ரத்தம் இல்லை, கீறல் இல்லை, ஜன்னல் வலையிலும் ஓட்டை இல்லை.

சந்தேகம் முதலில் முயல் மேல்தான் விழுந்தது. சில தாய் முயல்கள் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதன் வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். புல் வாசனைதான் வந்தது. கூண்டில் போட்டுத் தாழிட்டாள். அடுத்த முறை பெட்டியைப் பார்த்தபோது இன்னொன்றும் இல்லை.

பிறகு கணவனைச் சந்தேகித்தாள். இவ்வளவு முயலை யார் வளர்ப்பது என்று ராத்திரி முணுமுணுத்தவன் அவன்தானே. போனில் கேட்டதற்குச் சிரித்தான்.

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு இருக்கேன்டி, முயலையா பிடிப்பேன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேலையைப் பாரு."

முயலைச் சந்தேகித்ததற்கு வெட்கப்பட்டுக் கூண்டைத் திறந்துவிட்டாள். பொழுது சாய்ந்தது. விளக்கைப் போடத் தோன்றாமல் பெட்டியருகே குனிந்தாள். ரோமம் மறுபடியும் திறந்திருந்தது. எலியோ பூனையோ கிளறியது போல அல்ல. துணியின் ஓரத்தை மடிப்பது போல, இரண்டு விரலால், ஒழுங்காக. அவள் திறக்கும் விதம் அது.

தொம்.

மாப்பிள்ளை பின்னங்காலால் தரையை அறைந்தது. காதுகள் விறைத்து நின்றன. அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால் எதையோ பார்த்தது.

அவள் திரும்பினாள். சுவர். தொங்கும் அளவு நாடா. காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் கையை விட்டாள். ஒரு குட்டிகூட இல்லை. வெறும் ரோமம். இன்னும் சூடாக இருந்தது.

குழந்தை! உள்ளறைப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

தொம்.

நின்றாள். அப்போதுதான் புரிந்தது. அவள் எங்கே பார்க்கிறாளோ, பின்னால் நிற்கும் அதுவும் அங்கே போகிறது. குட்டிகளிடம் அதற்கு வழி காட்டியவள் அவள்தான்.

மேசைக்குப் பின்னால், முயலுக்குப் பக்கத்தில், உள்ளறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்த வீட்டில் குழந்தையே இல்லாதது போல. மாப்பிள்ளை அவளை ஒட்டிக்கொண்டது. அதன் உடம்பு நடுங்கியது.

குழந்தை விழித்தாள். சிணுங்கினாள். அழுதாள்.

அவள் திரும்பவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. ரவிக்கை நனைந்தது. பல்லைக் கடித்தாள். அழுகை வீறிட்டது. மூச்சு முட்டும் அழுகை. விக்கல்.

ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அழுகை நின்றது. தேய்ந்து அடங்கவில்லை. நின்றது.

வாசல் கதவு திறந்தது. கணவன் வந்துவிட்டான். மேசைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்தவள் அவன் கண்ணில் படவில்லை. நேராக உள்ளறைக்கு நடந்தான். போகாதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அறை வாசலில் நின்று அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்கதான் இருக்கியா? ஏன் இருட்டுல உக்காந்திருக்க? பாப்பா பால் குடிச்சிட்டாளா?"

"ஷ்ஷ்... இப்பதான் தூங்கினா," என்றது உள்ளேயிருந்து அவளுடைய குரல். "சத்தம் போடாம வாங்க. கதவைச் சாத்திடுங்க."

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் உள்ளே போனான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.