தூசியின் காது

கழுதையை விட்டு இறங்கும் முன்பே அரண்மனை ஆள் கத்தினான்.

"ஏய் இஸ்மவேலா! ராஜாவோட குட்டியை யாருகிட்டய்யா வித்தே?"

ராஜாவின் ஒட்டகங்கள் அத்தனைக்கும் அதிகாரி ஓபில். ஆனாலும் தலை குனிந்தார். இஸ்மவேலன் என்ற வேற்றினத்தானுக்கு அரண்மனை வேலை கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

"விக்கலைங்க. விடியக்காலையில ஓநாய் அடிச்சிடுச்சு. தோல் இருக்கு."

"அந்தத் தோலைக் கொண்டா. சாட்சி இல்லேன்னா நீதான் திருடன். வேலையை விட்டுக் கிளம்பு!"

ஓபில் கொண்டுவந்த தோலை அரண்மனை ஆள் ஆசையாகத் தடவினான். அவனுடைய செருப்புகள் பிய்ந்து தொங்கின. ஓபிலின் மகள் மகலாத் அதைக் கவனித்தாள்.

கூடாரத்துக்குப் பின்னால் தாயில்லாத குட்டி ஒன்று பசியில் முனகிக்கொண்டிருந்தது. செத்த குட்டியின் தோலை அதற்குப் போர்த்தினால்தான், குட்டியை இழந்த தாய் பால் கொடுக்கும். தோல் போனால் அந்த உயிரும் போகும்.

"அப்பா, கிழிபட்ட மிருகத்துக்குக் காது ஒண்ணே சாட்சிதானே? எல்லா மேய்ப்பரும் அதைத்தானே காட்டுறாங்க?"

ஓபில் நிமிர்ந்தார். "ஆமாம்மா." கத்தியை எடுத்தவர் தயங்கினார். செத்த குட்டிக்குத் 'தூசி' என்று பெயர் வைத்தவளே மகலாத்தான்.

"குடுங்கப்பா, நானே வெட்டுறேன்."

வெட்டினாள். அழவில்லை.

அரண்மனை ஆள் உதட்டைப் பிதுக்கினான். "எந்தக் குட்டி காதோ! யாரு கண்டா?"

"அதோட அம்மாவைக் கேளுங்க."

காலையிலிருந்து நெருங்கியவர்களையெல்லாம் கடிக்க வந்த ஒட்டகம் அது. மகலாத் காதை நீட்டினாள். தாய் முகர்ந்தது. நக்கியது. பிறகு அழுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. மேய்ப்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அரண்மனை ஆள் காதைத் துணியில் சுற்றினான்.

"ஐயா, செருப்புக்கு வேற தோல் பாருங்க!" என்றார் ஒரு மேய்ப்பர். எல்லாரும் சிரித்தார்கள். ஓபில் சிரிக்கவில்லை. திருடன் என்றவன், நீ திருடன் இல்லை என்று சொல்லாமலே போய்க்கொண்டிருந்தான்.

மாலையில் தூசியின் தோலைப் போர்த்திக்கொண்டு குட்டி தள்ளாடிப் போனது. தாய் முகர்ந்து பார்த்தது. அசையாமல் நின்றது. பால் சுரந்தது.

"அவளை ஏமாத்திட்டோமேப்பா."

"ஆமாம்மா."

குட்டியின் வால் ஆட ஆரம்பித்தது. வயிறு முட்டக் குடித்தது.

தாயோ, தோலில் காது இருந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தது.