அறையில் யாருமில்லை

கதிர்வீச்சு சிகிச்சைக்கு மாட்டும் வலை முகமூடியைக் கழற்றியதும் எல்லா நோயாளிகளின் முகத்திலும் வலையின் தடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதிந்திருக்கும். அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்று காலை வெண்டல் ப்ரூயிட்டின் இடது கன்னத்தில் அந்தக் கட்டங்களுக்கு அடியில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. சின்ன விரல்கள். அவனை அழைத்து வரும் காவலர்கள் இருவரின் கைகளையும் பயிற்சி மாணவி காரின் திரும்பிப் பார்த்தாள். எல்லாமே மண்வெட்டி போன்ற கைகள்.

வெண்டல் மாநிலச் சிறையின் ஆயுள் கைதி. தொண்டையில் புற்றுநோய். மற்ற நோயாளிகள் வருவதற்கு முன், காலை ஏழு மணிக்கே, கால்விலங்கோடு கூட்டி வருவார்கள். மொத்தம் முப்பத்தைந்து நாள் சிகிச்சை.

காரின் ஸ்டாடர்டுக்கு வயது முப்பத்தொன்று. கோழி வெட்டும் ஆலையில் ஒன்பது வருடம் நின்ற பிறகு, அமெரிக்காவின் இலினாய் மாநிலத் தெற்கில் இருந்த ஒரு கம்யூனிட்டி காலேஜில் கதிர்வீச்சு சிகிச்சைப் படிப்பில் சேர்ந்தவள். வாரத்தில் ஐந்து காலைகள் இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பயிற்சி. ஒரு கிழவரைத் தவறான தலையணையில் படுக்க வைத்ததற்காகப் போன பருவத்திலேயே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறுபடி கோழிகளிடம்.

பயிற்சி தரும் லோர்னாவிடம் விரல் தடத்தைக் காட்டினாள். லோர்னா இருபத்திரண்டு வருடமாக இதே அறையில் இருப்பவள்.

"வேன்ல கை வச்சிருப்பானுங்க, கண்ணு. நம்ம வேலை வேற" என்றாள்.

ஆனால் முகமூடியை மாட்டியது காரின்தான். அப்போது அந்தக் கன்னத்தில் எதுவும் இல்லை.

சிகிச்சை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு ஆள் உயரத்துக்குத் தடித்த கான்கிரீட் சுவர், தானாக நகர்ந்து மூடும் கதவு. நோயாளியின் முகத்தோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டிக் வலையைப் பொருத்திக் கட்டிலோடு கொக்கி போட்டுவிட்டால் அவரால் இமையைத்தான் அசைக்க முடியும். கடைசியாக வெளியேறுகிறவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலோரப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். நோயாளியைத் தவிர உள்ளே யாருமில்லை என்று அதற்கு அர்த்தம். அழுத்தாவிட்டால் இயந்திரம் ஓடாது. அந்த வேலை மாணவியுடையது.

பன்னிரண்டாம் நாள், வெளியே மானிட்டர் முன் உட்கார்ந்திருந்தபோது காரின் அவளைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டில் வீட்டு அங்கி அணிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் தலைமுடி ஒரு பக்கம் மட்டும் கறுத்து ஒட்டிக் கிடந்தது. இயந்திரத்தின் கை நோயாளியைச் சுற்றி மெல்ல நகர, அந்தப் பெண் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி, அது கடந்ததும் மறுபடி வந்து நின்று கையை ஓங்கினாள். ஒலிபெருக்கியில் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். லோர்னா அதே திரையைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முகமூடியை மாட்டும் முன் வெண்டல் அவள் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

"கதவு மூடுனதும் நோரீன் வந்துடறா, மேடம். ஜெயில்ல வரமாட்டா. அங்க என்னைத் தனியா விடறதில்ல."

அன்று மாலை காரின் பழைய செய்தித்தாள்களைத் தேடினாள். நோரீன் அவன் மனைவி. கார் சக்கரம் கழற்றும் இரும்பால் அடித்திருக்கிறான். பதினொரு நிமிடம் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லியிருந்தார். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லையாம்.

அதைப் படித்து முடித்தபோது காரினின் மனதுக்குள் ஒரு சொல் எழுந்தது. வாங்கட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள், வெளியே வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். தாடை வீங்கியது. கதிர் பட்டால் வீங்கத்தான் செய்யும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். இரண்டு பல் விழுந்தது. அதற்கும் காரணம் இருந்தது. அறையில் மட்டும் நாளுக்கு நாள் ஒரு வாடை ஏறியது. கிருமிநாசினிக்கு அடியில், ஆலையில் ஒன்பது வருடம் அவள் மூக்கில் குடியிருந்த வெதுவெதுப்பான ரத்த வாடை.

இருபத்தொன்பதாம் நாள் வெண்டல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பாக்கறீங்கல்ல. எனக்குத் தெரியும். இன்னைக்கு அவ கையில இரும்பு இருக்கு. பொத்தானை அழுத்தாதீங்க."

காரின் கையை விடுவித்துக்கொண்டு முகமூடியைப் பொருத்தி நான்கு கொக்கிகளையும் போட்டாள். வாசலுக்கு வந்தாள். திரும்பினாள். முகமூடிகள் அடுக்கிய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே வீட்டு அங்கியின் ஓரம் தெரிந்தது. கீழே வெறுங்கால்கள். ஒரு கால் பெருவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல.

யாரோ இருக்கிறார்கள் என்று சொன்னால் லோர்னா வந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இரண்டாவது எச்சரிக்கை எழுதுவாள். காரின் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அது.

அழுத்தினாள்.

கதவு மூடியது. லோர்னா இயந்திரத்தை ஓட விட்டாள். திரையில் அங்கி நகர்ந்தது. இரும்பு மேலே போனது. முதல் அடி. இரண்டாவது. வெண்டலின் விலங்கு கட்டிலில் மோதிச் சலசலத்தது. மூன்று. நான்கு. காரின் எண்ணுவதை நிறுத்தினாள். நோரீனின் கை நிறுத்தவில்லை.

லோர்னாவின் காபி மேஜையில் கொட்டியது. முகமூடி சிவப்பதை அவளும் பார்த்துவிட்டாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"தொண்டையில ரத்தக்குழாய் உடைஞ்சிடுச்சு. ஓடு. மாஸ்க்கைக் கழட்டு, மூச்சு முட்டிடும்."

கதவு திறக்க இருபது வினாடி. அத்தனையும் ஆனது. காரின் ஓடினாள். பின்னால் காவலர்களின் பூட்ஸ். உள்ளே யாருமில்லை. கட்டில் மட்டும். வெண்டல் மட்டும். முகமூடியில் ஒரு கீறல்கூட இல்லை. வலையின் ஒவ்வொரு துளையிலும் சதை பிதுங்கி நின்றது.

முதல் கொக்கி. இரண்டாவது. கை வழுக்கியது. மூன்றாவது. நான்காவது.

தூக்கினாள்.

முகமும் சேர்ந்து வந்தது.

அடியில் எஞ்சியதில் இரண்டு கண்கள் உயிரோடிருந்தன. இமைகள் இல்லை. அவை காரினைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அது ஓங்குவதற்கு ஏற்ப மெல்ல, மெல்ல, உயர்ந்தன.