வேலியாகத் தெரிந்த வலை

“இறங்குங்க… அந்தச் சுருளையும் எடுத்துக்கிட்டு இறங்குங்க!”

மூவாரிலிருந்து வந்த பஸ் சுங்கை ரம்பாய்க்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் நின்றது. தூறல் வேறு. ஜெயமணி விடுவிடுவென்று இறங்கினாள். சிங்கப்பூரில் விஞ்ஞானம் படிக்கிறவள், விடுமுறைக்கு வீடு திரும்புகிறாள்… அவளைப் போய் இந்தக் காக்கிச்சட்டைக்காரன் அதட்டுவதா?

நிமிர்ந்து பார்த்தாள். அட… இந்தக் கண்களுக்கு யார் துப்பாக்கி கொடுத்தது? தொப்பியிலிருந்து மழைத்துளி ஒவ்வொன்றாய் அவன் இமையில் விழுந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை.

“வீரமுத்து, சீக்கிரம்லா! கர்ஃப்யூவுக்கு முன்னாடி போய்ச் சேரணும்!” என்று கத்தினார் டிரைவர்.

வீரமுத்து சுருளை விரித்தான். முகம் மாறியது. நடுவில் வட்டமாய் இரட்டைக் கோடு, அங்கங்கே திறப்பு. சுற்றிலும் அடுக்கடுக்காய் வளைந்த சந்துகள். சந்து ஓரமெல்லாம் புள்ளிகள்.

“எந்தப் புதுக்கிராமத்தோட பிளான் இது? ரெண்டு சுத்து முள்வேலி, கேட்டு… இந்தப் புள்ளியெல்லாம் காவலா?”

மலாயாவில் எமர்ஜென்சி நேரம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று மக்களை முள்வேலிக்குள் குடிவைத்த ஊர்கள்தான் புதுக்கிராமங்கள். வேலியின் படம் கையில் இருந்தால் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் என்று ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன், ஜெயமணியின் அப்பா, அவள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் சிங்கப்பூருக்கு அனுப்பினார். போலீஸ் என்ற பேச்சு காதில் விழுந்தாலே படிப்பு நின்றுவிடும்.

“ஐயோ, வேலி இல்லைங்க! உடம்புல இருக்கிற செல்லு. நடுவுல இருக்கிறது நியூக்ளியஸ். இந்தச் சந்தெல்லாம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்.”

“பேரே சரியில்லையே…”

“மெல்லிசான சவ்வுங்க. பாயை மடிச்சு மடிச்சு வச்ச மாதிரி இருக்கும். புள்ளி ஒட்டியிருக்கிற சொரசொரப்பான பக்கத்துல புரதம் தயாராகுது. அது சந்துக்குள்ள போய், பக்குவமாகி, சின்னச் சின்னப் பையில வெளியே போகுது.”

“புள்ளி இல்லாத இந்தக் குழாயெல்லாம்?”

“அது வழவழப்பான பக்கம். கொழுப்பு செய்யிற இடம். ஈரல்ல விஷத்த முறிக்கிறதும் இதோட வேலையா இருக்கும்னு எங்க லெக்சரர் சொல்றாரு.”

“அப்ப கள்ளுக்கடைக்குப் போறவனுக்கு ரொம்பத் தேவைலா!”

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். “இதோ பாருங்க… நடு வட்டத்தோட வெளிக்கோடே நீண்டு சந்தாப் போகுது. ரெண்டும் ஒரே சவ்வு. முள்வேலியையே இழுத்துத் தெருவாக்கின ஊரு எங்கயாச்சும் இருக்கா?”

அவன் விரல் கோட்டின் மேலேயே மெல்லப் போய் நின்றது. பிறகு படத்தை நனையாமல் சுருட்டி நீட்டினான். “ஏறுங்க. தப்பு என்னுது.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். ஆனாலும் பஸ் வளைவில் திரும்பும்போது… ஏனோ கழுத்தும் திரும்பியது.

அதே பஸ்ஸில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாவும் இருந்தாள். அது போதாதா? ஜெயமணி பெட்டியைத் திறப்பதற்குள் விஷயம் ஒன்றுக்குப் பத்தாகத் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பா கத்தவில்லை. “படிச்சது போதும்மா. சிங்கப்பூர் வேணாம்,” என்றார். அந்த அமைதிதான் அவளைக் கொன்றது. அழுது அழுது முகம் வீங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை. துப்பாக்கி இல்லை, தொப்பி இல்லை… அதே கண்கள். ஜெயமணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பட்டது போதாதென்று இவன் வேறா?

“ஐயா, உங்க மகளை பஸ்ஸுல இருந்து இறக்குனது நான்தான்,” என்றான் வீரமுத்து. “அது பாடப் படம். எனக்குத் தெரியாம சந்தேகப்பட்டுட்டேன். வெளிய கண்டபடி பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன். யார் கேட்டாலும் நான் வந்து சொல்றேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல.”

சாமிநாதன் அவனையே பார்த்தார். “வீடு தேடி வந்து தப்பு என்னுதுன்னு சொன்ன போலீஸ்காரனை நான் பாத்ததில்லப்பா…” உள்பக்கம் திரும்பினார். “மணி, தம்பிக்குக் காப்பி கொண்டாம்மா. அப்புறம் பெட்டியை அடுக்கு. காலேஜ் திறக்கிறப்ப நீ அங்க இருக்கணும்.”

அப்பாடா! அடுப்படியில் அவள் சிரித்தாள், அழுதாள், காப்பியில் சர்க்கரையை இரண்டு முறை போட்டாள். நெஞ்சில் இருந்த பாறாங்கல் போன இடம் தெரியவில்லை.

அவன் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை கொடுக்கும் சாக்கில் வாசல் வரை போனாள்.

“அப்பாகிட்ட வர பயமா இல்லியா?”

“இருந்துச்சு. உங்க படிப்பு என்னால நின்னுடுமோங்கிற பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

அவன் தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. “இல்ல… அன்னைக்குப் பாயை மடிச்ச மாதிரின்னு சொன்னீங்கள்ல, அப்பவே அது வேலி இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. நீங்க இன்னும் கொஞ்சம் பேசணும்னுதான்… அந்தக் குழாயைப் பத்தியெல்லாம் கேட்டேன். அதுவும் என் தப்புதான்.”

“அடப்பாவி!” கோபம் வரவேண்டும்… வரவில்லையே! “பஸ்ஸையே நிறுத்தி வச்சு… என்னை நடுங்க வச்சு…”

“உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மணி. படிச்சு முடிங்க. நான் காத்திருக்கேன்.”

மழை கொட்டியது. குடை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“படிப்பு முடிஞ்சதும் அப்பாகிட்ட நீங்க கேக்க வேணாம்,” என்றாள் ஜெயமணி. “நானே கேக்குறேன்.”