கண்ணாடி முன்னால் ஒரு கொலை

"எங்க அக்காவ இவன்தான் சார் கொன்னான்!"

அரசுப் பரிசோதனைக்கூடத்தின் கதவை உதைத்துத் திறந்தான் கெமிஸ்டின் மச்சான். பின்னாலேயே கையில் விலங்கோடு இன்ஸ்பெக்டர்.

கெமிஸ்ட் நிமிரவில்லை.

நேற்றுதான் அவர் மனைவி இறந்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து...

"அவங்க ரத்தத்துல பாதரசம்னு டாக்டர் சொல்றாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க அலமாரியிலயும் பாதரசம். என்ன பண்ணலாம்?"

"கைய நீட்டவா சார்?"

"கிண்டலா?"

"இல்ல சார். அழுகை வரமாட்டேங்குது..."

 

கெமிஸ்ட் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"காலையில அவ கண்ணாடி முன்னால இருந்து எடுத்தேன்."

சிவப்பழகு க்ரீம்! அவள் விரல் வழித்த தடம் அப்படியே இருந்தது.

மச்சான் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"அத்தான்... இது நான் வாங்கிக் குடுத்தது!"

இன்ஸ்பெக்டர் சடாரென்று திரும்பினார்.

"நீயா?!"

"அக்காதான் சார் கேட்டுச்சு! 'உங்க அத்தானே டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டதுடா, பயமில்ல'ன்னு... தீரத் தீர நான்தான்..."



கெமிஸ்ட் பாதரசத்தை அளக்கும் கருவியின் முனையை க்ரீமில் வைத்தார். விரல் தடத்தைத் தொடாமல், ஓரமாக.

பீப்... பீப்... பீப்!

திரை சிவந்தது.

"சட்டம் அனுமதிச்சதவிட ஆயிரம் மடங்கு பாதரசம் சார்."

"அப்புறம் எப்படிய்யா பாஸ் போட்டீங்க?"

பதிலுக்கு அலமாரியிலிருந்து இன்னொரு டப்பா வந்தது. அதே பெயர். அதே மூடி.

கருவியை வைத்தார்.

சத்தமே இல்லை. பூஜ்யம்!

"இது கம்பெனி அனுப்பின சாம்பிள் சார். அவங்க அனுப்பறதத்தான் டெஸ்ட் பண்ணணும். அதான் ரூல். கடையில எடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"திருடனே கைரேகையப் பார்சல் பண்ணி அனுப்புவானா?"

"அனுப்புவான் சார். நாங்க வாங்கிப்போம்."

மச்சான் தரையில் சரிந்து உட்கார்ந்தான். கெமிஸ்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"அழு மாப்ள. எனக்கும் சேத்து அழு."



இன்ஸ்பெக்டர் விலங்கைப் பைக்குள் போட்டார்.

"நீங்களும் இல்ல, இவனும் இல்ல... அப்ப யார் மேலதான்யா தப்பு?"

கெமிஸ்ட் அந்த விரல் தடத்தையே பார்த்தார்.

"அவ மேலதான் சார். எங்களுக்கு அனுப்பற டப்பாவப் பூசாம, கடையில விக்கறதப் பூசிட்டா!"