பத்தரை மணி பாட்டில்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரபாண்டிக்கு எடுக்க மனமில்லை. ஐம்பத்தாறு வயது. எத்தனையோ பிணம் பார்த்தாயிற்று. ஆனால் உத்தமபாளையம் லேப் நம்பரைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

மறுமுனையில் டாக்டர் ருக்சானா. மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்து நோய் சொல்கிறவர்.

"சார், உங்க யூரின்ல இருக்க செல் சரியில்ல. மூத்திரப்பையோட உள்பக்கத்துல இருந்து உதிர்ந்தது. நியூக்ளியஸ் பெருசா, கருப்பா, ஓரமெல்லாம் கோணலா இருக்கு. கேன்சரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேமரா விட்டுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ஈஸ்வரபாண்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீக. ஆழமா எறங்கலைன்னா சுரண்டி எடுத்துரலாம். ஆனா இந்த வாரமே வந்துரணும்."

ஈஸ்வரபாண்டி போனை வைத்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆமாம், நிம்மதி! குட்டு லேபுக்குத் தெரிந்துவிட்டதோ என்றுதான் பயந்திருந்தார். அந்தப் பாட்டிலை நிரப்பியது அவர் இல்லையே...

நடந்தது இதுதான்.

போன மாதம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை. ஒரே ஒரு தடவை. மனைவி பவானி பார்த்துவிட்டாள். அவருடைய முப்பது வருட சிகரெட்டைச் சொல்லித் திட்டியவள், லேபில் பாட்டில் வாங்கிக் கையில் திணிக்கும்வரை ஓயவில்லை. விடிந்ததும் போகிற முதல் சிறுநீர் வேண்டாம், இரவு முழுக்க உள்ளே கிடந்த செல்கள் சிதைந்திருக்கும், அடுத்ததைப் பிடித்து உடனே அனுப்புங்கள் என்றார்கள் லேபில்.

அதனால் பாட்டில் ஸ்டேஷனுக்கு வந்தது.

பத்து மணிக்கு அதோடு கழிப்பறைக்குள் போனார். வெறும் பாட்டிலோடு வெளியே வந்தார். அரிவாளோடு நின்றவனையே மடக்கிப் பிடித்த மனிதர், ஒரு ரிப்போர்ட்டுக்குப் பயந்தார்.

பத்தரைக்குச் சுருளிவேல் வந்தான். தோட்டத்து மோட்டார்களில் செம்புக் கம்பி உருவுகிறவன். கண்டிஷன் பெயிலில் தினமும் கையெழுத்துப் போட வேண்டியவன். நல்ல திடமான உடம்பு.

பாட்டிலை நீட்டி, நிரப்பிக்கொண்டு வா என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஸ்டேஷனில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவன் கொடுத்ததைத் தன் பெயர் எழுதி லேபுக்கு அனுப்பிவிட்டார்.

நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

சுருளிவேலுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சொல்லாமல் விட்டால் செத்துப்போவான். சொன்னால் தன் பித்தலாட்டம் வெளியே வரும்.

சனியன்... ஜீப் சாவியை எடுத்தார்.

கையெழுத்துக் கெடு முந்தாநாளே முடிந்திருந்தது. அனுமந்தன்பட்டி வீடு பூட்டிக் கிடந்தது. கோம்பைப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கப் போயிருக்கிறான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஜீப்பைப் பார்த்ததும் சுருளிவேல் ஓடினான். பழக்க தோஷம்!

"ஏலே நில்லு... ஒன்னையப் பிடிக்க வரல..."

பிடிக்க வருகிற போலீஸ் எல்லாம் அப்படித்தான் சொல்லும். வாய்க்கால் மேட்டில் அவனாகப் பரிதாபப்பட்டு நின்றான். ஈஸ்வரபாண்டி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில், செல், கேமரா, இந்த வாரம்... கடைசியில் மன்னிப்பும் கேட்டார். இத்தனை வருட சர்வீசில் ஒரு திருடனிடம் கேட்ட முதல் மன்னிப்பு.

சுருளிவேல் தலையைச் சொறிந்தான்.

"அய்யா... அது என்னுது இல்லங்கய்யா."

"என்னடா சொல்ற?"

"கஞ்சா டெஸ்ட்டுன்னு நெனச்சேன். மொத நாத்தான் இழுத்திருந்தேன். மாட்டுனா பெயில் போயிரும்ல..."

"அப்ப அது யாருதுலே?"

"கக்கூஸ் ஜன்னல்ல டீ கப்புல யாரோ பிடிச்சு வச்சுட்டுப் போயிருந்தாக. அங்கன இருந்தத அப்படியே ஊத்திக் குடுத்தேன்."

ஈஸ்வரபாண்டியின் முகம் வெளுத்தது.

அந்தக் கப்பை வைத்தவர் அவரேதான். பாட்டிலில் ஊற்றப் போனபோது அதன் நிறத்தைப் பார்த்தார். மனம் விட்டுப்போய், அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சுருளிவேலுக்கும் புரிந்துவிட்டது. குனிந்து கை கொடுத்தான்.

"எந்திரிங்கய்யா. ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஜீப்ப நா ஓட்டுறேன்."

அவர் எழுந்தார். தோளைப் பிடித்துக்கொண்டான் அவன்.

"நா திருடுன பொருள் உடையவக பேருக்கே போயிச் சேந்தது இதான்யா மொதத் தடவ."